நஜீரின் முறை வந்தது

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா காலம் முடிந்து சில வாரங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அஷ்ரஃபுன்னிசா வாசற்படியைத் தாண்டவில்லை. பூந்தமல்லிக் கடைத்தெரு கூப்பிடு தூரத்தில் இருந்தும் கொத்தமல்லிக் கட்டு வாங்கக்கூட மகளைத்தான் அனுப்பினாள். திருவேற்காட்டிலிருந்து தங்கை வந்து கூப்பிட்டுப் பார்த்தாள். வருகிறேன் வருகிறேன் என்றாளே தவிர, காலை வெளியே வைக்கவில்லை.

அப்படிப்பட்டவள் அன்று காலை பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். மடித்து வைத்திருந்த புர்காவை எடுத்து உதறினாள். முகர்ந்து பார்த்துவிட்டு வெயிலில் போட்டாள்.

மகள் ஃபஸீலா அதைக் கவனித்தாள். எங்கே போகிறாய் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் ஒருவேளை மனசு மாறிவிடுவாளோ என்று பேசாமல் இருந்துவிட்டாள். யார் வீட்டுக்காவது போகட்டும். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கும் அன்று நிற்க நேரமில்லை. ஆவடியில் மறுவாழ்வு உதவி வாரியத்தின் மேற்கு மண்டல அலுவலகத்தில் அவள் கண்காணிப்பாளர். கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால், நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி என்று கொடுக்கிற இடம். எதுவானாலும் ஆள் நேரில் வந்து அளவு கொடுக்க வேண்டும். அளவு கொடுக்க டோக்கன் வேண்டும். டோக்கனுக்கு விடிவதற்கு முன்பே வரிசை நிற்கும். தீர்ந்துவிட்டால் அவ்வளவுதான், வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

அந்த வரிசைக்கு முடிவு கட்டத்தான் இப்போது ஏற்பாடு. அளவெடுக்கும் நேரத்தை ஃபோனிலேயே பதிவு செய்துகொள்ள ஒரு சாஃப்ட்வேர். அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஆவடி அலுவலகத்துக்குக் கொடுத்திருந்தார்கள். வந்த கம்பெனிகளில் இரண்டுதான் கடைசிவரை நின்றன. ஒன்றின் சோதனை போன வாரம் முடிந்தது. இரண்டாவது கம்பெனி இன்று, ஆட்களை வரவழைக்காமல், காத்திருப்போரின் பெயர்களை மட்டும் ஏற்றி ஓட்டிக் காட்டப் போகிறது. அது அம்பத்தூர்க் கம்பெனி. ஃபஸீலாவின் தம்பி சாஹில் வேலை பார்ப்பது அங்கேதான்.

அதை அவள் மறைக்கவில்லை. கம்பெனியின் பெயர் பட்டியலில் வந்த அன்றே மண்டல அதிகாரி கஜபதியிடம் எழுதிக் கொடுத்துவிட்டாள். அவரும் யோசித்து ஒரு வழி சொன்னார். மதிப்பெண் போடுவது அவரும் கணினிப் பிரிவு சரவணக்குமாரும். சோதனையை நடத்துவதும், நடந்ததை நடந்தபடி எழுதித் தருவதும் மட்டும்தான் ஃபஸீலாவின் வேலை.

பஸ்ஸில் போகும்போது அத்தா நினைப்பு வந்தது. வராத நாள் எது?

அவளைப் பெற்ற அத்தா நஜீர் குமணன்சாவடியில் லாரிக்கும் வேனுக்கும் சீட் தைத்துக் கொடுக்கும் குஷன் கடை வைத்திருந்தவர். சர்க்கரை நோய் முற்றி வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. தையல் மெஷினை மிதிக்கக் கால் வேண்டும். வாரியத்தில் பதிவு செய்துவிட்டு, மகள் வேலை பார்க்கிற அதே அலுவலகத்தின் வாசலில் மற்றவர்களோடு வரிசையில் வந்து நின்றார். மூன்று முறை வந்தார். மூன்று முறையும் அவர் பக்கம் வருவதற்குள் டோக்கன் தீர்ந்துபோனது.

பின்பக்கமாக வாங்கத்தா, நானே அளவெடுக்கச் சொல்கிறேன் என்று அவள் கெஞ்சினாள். "வரிசையில நிக்கிறவன் வயித்தெரிச்சலை வாங்கிகினு வர்ற கால் நமக்கு வாணாம்மா" என்று சொல்லிவிட்டார். நாலாவது முறைக்கு அவர் இல்லை. ஒரு விடியற்காலை, தொழுகைக்கு எழுப்பப் போன அஷ்ரஃபுன்னிசா எழுப்பிக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்கு அவர் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது என்ற நினைப்பு அதிலிருந்து ஃபஸீலாவை விடவில்லை. இந்த சாஃப்ட்வேர் வேலையை அவள் ராப்பகலாகப் பார்த்ததே அதனால்தான்.

ஆவடியில் இறங்கி அலுவலகத் தெருவுக்குள் திரும்பியதும் அவள் நடை தானாக நின்றது.

டோக்கன் கொடுக்கும் நாளில்லை. ஆனாலும் கேட்டுக்கு வெளியே கூட்டம். ஆட்டோக்கள் வரிசை பிடித்து நின்றன. ஊன்றுகோல்கள், மடக்கிய சக்கர நாற்காலிகள், மடியில் சாப்பாட்டுப் பைகள். வாட்ச்மேன் கேட்டைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கேட்பதாக இல்லை.

அவளைப் பார்த்ததும் ஒரு பெண் ஃபோனை நீட்டிக்கொண்டு முன்னே வந்தாள். பட்டாபிராமைச் சேர்ந்தவள், பெயர் சரசா. பின்னால் ஆட்டோவில் அவள் கணவன் பாஸ்கரன் உட்கார்ந்திருந்தான். ரயிலிலிருந்து விழுந்து கால் போனவன்.

"இன்னா மேடம் இது? நேத்து சாயங்காலம் நீங்கதான மெசேஜ் அனுப்னீங்க. ஃபோன் வேற வந்துச்சு. இன்னிக்கு வந்து அளவு குடுங்கன்னு அழகா தமிழ்ல சொல்லிச்சு. இப்ப வந்தா வாட்ச்மேனு ஒண்ணும் இல்லன்றாரு."

ஃபஸீலா அந்தச் செய்தியைப் படித்தாள். வாரியத்தின் பெயர் இருந்தது. பாஸ்கரனின் பெயர் இருந்தது. வர வேண்டிய நேரமும் இருந்தது. எல்லாமே சரியாக இருந்தன, அப்படி ஒரு செய்தி போயிருக்கவே கூடாது என்பதைத் தவிர.

மாடியில் கஜபதி கோபத்தில் சிவந்திருந்தார். சரவணக்குமார் அவளை ஒதுக்கிக் கூட்டிப்போய் விவரம் சொன்னான். சோதனைக்காக அம்பத்தூர்க் கம்பெனிக்குக் காத்திருப்போர் பட்டியலை அவன்தான் கொடுத்திருந்தான். பெயர்களை ஏற்றலாம், ஆனால் வெளியே யாருக்கும் செய்தி போகாதபடி வழியை அடைத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. நேற்று மாலை கம்பெனியில் அதை அடைக்காமலேயே ஓட விட்டிருக்கிறார்கள். பட்டியலின் முதல் பக்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அழைப்பு போய்விட்டது.

"யார் ஓட்டினது?" என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்திருந்தது.

"உங்க தம்பிதான் மேடம்."

அதற்குப் பிறகுதான் இன்னொன்று அவள் மண்டையில் உறைத்தது. காத்திருப்போர் பட்டியல். முதல் பக்கம். நீண்ட நாளாகக் காத்திருப்பவர்களின் பக்கம் அது. அதில் அத்தாவின் பெயரும் இருக்கிறது.

இறந்தவர்களின் பெயரை நீக்குவது அவள் பொறுப்பு. மற்றவர்கள் பெயரையெல்லாம் நீக்கியிருக்கிறாள். அத்தா பெயர் வரும் இடத்தைப் பலமுறை திறந்து, பார்த்து, அப்படியே மூடிவிட்டிருக்கிறாள். அதோடு அத்தாவின் ஃபோன் இன்னும் உயிரோடு இருந்தது. பழைய வாடிக்கைக்காரர்கள் சீட் தைக்கக் கூப்பிட்டால் அம்மாதான் எடுப்பாள். அவர் இல்லைங்க என்று சொல்லி வைப்பாள். அந்த எண்ணை நிறுத்திவிடலாம் என்று சாஹில் ஒருமுறை சொன்னதற்கு அம்மா ஒரு நாள் முழுக்க அவனோடு பேசவில்லை.

ஃபஸீலா படிக்கட்டு ஓரமாகப் போய் நின்று அத்தாவின் எண்ணுக்கே அடித்தாள். அம்மா எடுத்தாள். பின்னால் பஸ் இரைச்சல்.

"அம்மா, எங்க இருக்கே?"

"வந்துகினே இருக்கேம்மா. இப்பதான் கரையான்சாவடி தாண்டுறோம்."

வராதே, அது பொய்ச் செய்தி என்று சொல்ல வேண்டும். இத்தனை நாள் கழித்து வெளியே வந்தவளிடம், பஸ்ஸில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்திருப்பவளிடம் அதை எப்படிச் சொல்வது? சரிம்மா, பார்த்து வா என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்தாள்.

கூட்டத்தை என்ன செய்வது என்ற பேச்சு மாடியில் நடந்தது. தவறாக நடந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம் என்றார் கஜபதி. ஃபஸீலா வழக்கமாக அவரை எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. அன்று பேசினாள்.

"சார், நம்ம வாரியத்து பேர்ல போன அழைப்பு. கால் இல்லாதவங்க ஆட்டோ வச்சுக்கிட்டு வந்து நிக்கிறாங்க. அவங்களை மறுபடியும் திருப்பி அனுப்ப என்னால முடியாது."

கஜபதி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார்.  பிறகு அளவெடுக்கும் ஊழியர்களைக் கூப்பிட்டு, வந்திருக்கிற எல்லோருக்கும் இன்றே எடுக்க முடியுமா என்று கேட்டார். மதியச் சாப்பாட்டை ஆளுக்கொரு நேரமாக மாற்றிக்கொண்டால் முடியும் என்றார்கள். கேட்டை முழுசாகத் திறக்கச் சொன்னார்.

யார் முதலில், யார் அடுத்து என்கிற வரிசை அந்த சாஃப்ட்வேரில்தான் இருந்தது. வேறு வழியில்லாமல், செய்தி போகும் வழியை மட்டும் அடைத்துவிட்டு அதையே ஓட விட முடிவு செய்தார்கள். ராத்திரி முழுக்கக் கம்பெனியிலேயே இருந்துவிட்டுச் சோதனைக்கு வந்திருந்த சாஹில் கூடத்தின் மூலையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சவரம் செய்யாத முகம். கண் சிவந்திருந்தது. அக்காவை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் அவனருகே குனிந்தாள். அம்மா வந்துகொண்டிருக்கிறாள், அத்தா பெயரை வரிசையிலிருந்து எடுத்துவிடு என்று காதோடு சொன்னாள்.

"எடுக்க வழியில்லக்கா" என்றான் சாஹில். திரையை அவள் பக்கம் திருப்பினான். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் நான்கு சொற்கள் இருந்தன. வந்தார். வரவில்லை. தள்ளிவைப்பு. ரத்து. "இதுல எதைப் போடட்டும்? நீயே சொல்லு."

ரத்து போடு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. போன வாரம் வந்த கம்பெனியின் சாஃப்ட்வேரிலும் அதே நான்குதான் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. காத்திருக்கும்போதே ஒருவர் இறந்துபோவார் என்று அதைச் செய்த யாருக்குமே தோன்றவில்லை. இத்தனை மாதம் இரண்டையும் அலசிப் பார்த்த அவளுக்கும் தோன்றவில்லை.

பெயர்களைக் கூப்பிடும் வேலையையும் சாஃப்ட்வேரே செய்தது. தெளிவான பெண் குரல். ஊர்ப் பெயரைக்கூடப் பிசகில்லாமல் சொன்னது. நூம்பல் என்றது, சரியாக நூம்பல் என்றே கேட்டது. அதற்காக சாஹில் எத்தனை இரவு விழித்தான் என்பது ஃபஸீலாவுக்குத் தெரியும். கூடத்தில் இருந்தவர்கள் அந்தக் குரலுக்குப் பழகி, தன் பெயர் வந்ததும் கையைத் தூக்கி எழுந்தார்கள். யாரும் யாரையும் முந்தவில்லை, தள்ளவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தக் கூடம் அப்படி அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை.

அஷ்ரஃபுன்னிசா உள்ளே வந்தபோது சிலர் அளவு கொடுத்து முடித்திருந்தார்கள். கையில் அத்தாவின் ஃபோன். இன்னொரு கையில், ஆஸ்பத்திரிச் சீட்டுகள் வைத்த மஞ்சள் பை. மகளைப் பார்த்துத் தலையசைத்தாள். பக்கத்தில் வரவில்லை. கடைசி வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில், சரசாவுக்கு அடுத்து உட்கார்ந்துகொண்டாள். மூலையில் இருந்த மகனை அவள் பார்த்தாளா இல்லையா என்று தெரியவில்லை.

ஃபஸீலா அவளிடம் போவதற்குள் அந்தக் குரல் கூப்பிட்டது.

"நஜீர், பூந்தமல்லி. இரண்டாம் அறைக்கு வரவும்."

சாஹிலின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

அஷ்ரஃபுன்னிசா எழுந்தாள். புர்காவின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டு, உட்கார்ந்திருந்தவர்களின் ஊன்றுகோல்களில் கால் இடறாமல் பார்த்துப் பார்த்து நடந்து இரண்டாம் அறை வாசலுக்கு வந்தாள். அளவு நாடாவோடு நின்ற ஊழியர் அவளுக்குப் பின்னால் ஆள் வருகிறதா என்று பார்த்தார். நஜீர் எங்கேம்மா என்று கேட்டார்.

"எங்க ஊட்டுக்காரரு. மவுத்தாயிட்டாரு."

ஊழியருக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. அப்படியானால் நீங்கள் எதற்கும்மா இவ்வளவு தூரம் என்றார், குரலைத் தாழ்த்தி.

"பேரைக் கூப்புடும்போது ஆள் இல்லன்னா வரலன்னு எழுதிருவீங்க. வராத ஆள் இல்லப்பா அவரு. மூணு வாட்டி இங்க வந்து நின்னுட்டுப் போனாரு. அதான், நேர்ல வந்து சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். அவரு முறையை அடுத்தவங்களுக்குக் குடுத்துடுங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் கூடம் முழுக்கக் கேட்டது.

அடுத்த பெயர் பாஸ்கரன். ஆனால் பாஸ்கரன் எழுந்திருக்கவில்லை. சரசா எழுந்து வந்து அஷ்ரஃபுன்னிசாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "போம்மா, அவரக் கூட்டிகினு உள்ள போ. வெயில்ல வந்திருக்கீங்க" என்று அஷ்ரஃபுன்னிசாதான் அவளைத் தேற்றி அனுப்பினாள்.

ஃபஸீலா சாஹிலின் பக்கம் திரும்பினாள். திரையில் அத்தாவின் பெயர் சிவப்பாக மாறியது. குறித்த நேரத்துக்குள் ஆள் வந்ததாகப் பதியாவிட்டால் தானாகவே ‘வரவில்லை’ என்று விழும். சாஹில் குனிந்து எதையோ தட்டினான். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. வந்தார் என்று போட்டிருந்தான். 

மதியத்துக்கு மேல் கூட்டம் கரைந்தது. அளவெடுக்காமல் திரும்பியவர் என்று ஒருவர்கூட இல்லை. அஷ்ரஃபுன்னிசா கடைசிவரை அங்கேயே இருந்தாள். ஃபோனில் வந்ததைப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொன்னாள். யாரோ கொடுத்த தயிர்சாதத்தை வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிச் சாப்பிட்டாள்.

கஜபதியின் அறையில் பேச்சு சுருக்கமாக முடிந்தது. இந்தக் கம்பெனி வேண்டாம் சார் என்றான் சரவணக்குமார். சோதனையிலேயே வழியை அடைக்கத் தெரியாதவர்கள் நாளை ஆயிரக்கணக்கானவர்களின் எண்களை எப்படிக் காப்பாற்றுவார்கள் என்று கேட்டான். நியாயமான கேள்விதான். கஜபதியும் ஒத்துக்கொண்டார்.

 போன வாரச் சோதனை ஃபஸீலாவுக்கு நினைவிருந்தது. அழகான திரை, ஆங்கிலத்தில் கேள்விகள், தொட்டால் திறக்கும் இணைப்பு. டோக்கனுக்கு வந்தவர்களிடம் அதைக் காட்டியபோது, பாதிப் பேர் தங்கள் பட்டன் ஃபோனை வாட்ச்மேனிடம் கொடுத்து, இதில் ஒன்றுமே வரலியே என்றார்கள். நேற்று தமிழில் அழைப்பு போனவர்களில் இன்று வராதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எந்த சாஃப்ட்வேர் இந்த ஜனங்களுக்கு ஆகும் என்பது அவளுக்குத் தெரிந்தது. சொல்லும் இடத்தில்தான் அவள் இல்லை. தம்பிக்காகப் பேசுகிறாள் என்று ஆகிவிடும். நடந்ததை நடந்தபடி எழுதினாள். இரண்டு சாஃப்ட்வேரிலும் இறந்தவரின் பெயரை நீக்க வழியில்லை என்பதையும், நீக்காமல் விட்டது தான்தான் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே டீக்கடை ஓரத்தில் சாஹில் நின்றிருந்தான். டீ ஆறி ஏடு படிந்திருந்தது. அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். அவனாகவே பேசினான்.

"நேத்து பட்டியலை ஏத்திக்கினு இருந்தேங்க்கா. நடுவுல அத்தா பேரு. வயசு, நம்ம ஊட்டு விலாசம், அந்த நம்பரு. பக்கத்துல காத்திருப்புன்னு போட்டிருந்துச்சு." டீ டம்ளரைக் கீழே வைத்தான். "எழுந்து வெளிய போய் நின்னேன். திரும்பி வந்து உக்காந்தப்ப எங்க விட்டேன்னே நெனப்பில்ல. வழியை அடைச்சிட்டேன்னு நெனச்சிட்டேன்."

அவள் அவன் தோளில் கை வைத்தாள். மேனேஜர் என்ன சொன்னார் என்று கேட்டாள். நாளைக்கு வந்து விளக்கம் சொல்லச் சொல்லியிருக்கிறாராம். வேலை போய்விடும் என்று அவன் சொல்லவில்லை. 

"நீ ஏங்க்கா பேரை எடுக்காம வச்சிருந்தே?" என்றான் திடீரென்று. குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் இருந்தது.

"எடுத்துட்டா அப்புறம் எங்கேயுமே இருக்க மாட்டாரேன்னுதான்" என்றாள்.

 நீ அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ, நான் பின்னால் வருகிறேன் என்றான். டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு அம்பத்தூர்ப் பக்கம் போகாமல், வந்த வழியே மறுபடி அலுவலகத்தை நோக்கி நடந்தான். எதையாவது விட்டுவிட்டு வந்திருப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் அஷ்ரஃபுன்னிசாவுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. சென்னீர்குப்பம் வரும்வரை வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். இங்கே ஒரு பெரிய மரக்கடை இருந்ததே, எடுத்துவிட்டார்களா என்று கேட்டாள். ஆமாம்மா என்றாள் ஃபஸீலா.  கரையான்சாவடியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தார்கள்.

வீட்டில் சாஹில் இல்லை. மாலைத் தொழுகையான மஃரிபுக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அம்மா தொழுது முடித்துவிட்டு அரிசி களையப் போனாள். ஃபஸீலா தம்பிக்கு ஃபோன் அடித்தாள். அணைத்து வைத்திருந்தான். மறுபடி அடித்தாள். அதே பதில்தான்.

அப்போது அவள் ஃபோன் ஒலித்தது. கஜபதி. அவர் வீட்டுக்கெல்லாம் கூப்பிடுகிறவர் இல்லை.

"ஃபஸீலாம்மா, நீங்க போனதுக்கு அப்புறம் உங்க தம்பி என் ரூமுக்கு வந்தாரு" என்றார். குரலில் காலையில் இருந்த கோபம் இல்லை. தயக்கம்தான் இருந்தது. "தவறுதலா நடக்கல சார், தெரிஞ்சேதான் அனுப்பினேன்னு நின்னுக்கிட்டு சொல்றாரு. எங்க அத்தா பேரை இந்த ஆபீஸ்ல ஒரு தடவையாவது கூப்பிட்டுக் கேக்கணும்னு இருந்துச்சு, அவர் பேரை மட்டும் தனியா அனுப்ப வழியில்லைன்னு சொல்றாரு."



கஜபதி மேலே சொன்னார். கவனக்குறைவு என்றால் கம்பெனிக்கு ஒரு எச்சரிக்கையோடு போய்விடும். தெரிந்தே செய்தது என்றால் தலைமை அலுவலகம் போலீசுக்குத்தான் எழுதும். யாருக்காகவோ பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாரோ என்றும் தனக்கு ஒரு சந்தேகம் என்றார். நீக்க வேண்டிய பெயரை நீக்காமல் விட்டதாக அவள் எழுதியிருந்ததை அவர் படித்திருந்தார். "காலையில நான் மேல சொல்லியாகணும். நீங்க சொல்லுங்க. உங்க தம்பி சொல்றது நெஜமா?"

டீக்கடையில் அவன் சொன்னது அப்படியே காதில் இருந்தது. மறதியாக நடந்தது என்றான். அக்காவிடம் பொய் சொல்லத் தெரியாதவன் அவன். காலையில் சொல்கிறேன் சார் என்று சொல்லி அவள் ஃபோனை வைத்தாள். பெயரை நீக்காத பழி தன் மேல் விழக்கூடாதென்றுதான் தம்பி இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறான். அப்படித்தான் இருக்க வேண்டும். காலையில் முதல் வேலையாகப் போய் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

திரும்பினாள். அடுப்பங்கரை வாசலில் அம்மா நின்றிருந்தாள். கையில் களைந்த அரிசிப் பாத்திரம். கஜபதியின் குரல் அந்தச் சின்ன வீட்டில் அடுப்பங்கரைவரை கேட்டிருக்கும். எவ்வளவு கேட்டாளோ தெரியவில்லை.

"மெஷின் பேசுற ஃபோனுன்னா நான் வச்சிடுவேன். அந்த ஃபோனுல வர்ற மெசேஜெல்லாம் என்னிக்கும்மா தொறந்து பார்த்திருக்கேன்?" என்றாள் அஷ்ரஃபுன்னிசா மெதுவாக. "நேத்து சாயங்காலம் அவன்தான் கூப்பிட்டான். அழுதுகினே பேசுனான். அம்மா, இப்ப அத்தாவுக்கு ஒரு மெசேஜ் வரும், பாத்துடுன்னான்."

ஃபஸீலா அவள் கையிலிருந்த அரிசிப் பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்தாள்.

"நாளைக்கு உங்க ஆபீசர் கேட்டா இன்னா சொல்லுவே?" என்று கேட்டாள் அம்மா.